மீந்த சிள்வண்டுகள்

முதல் மூன்றையும் உறையவைத்து அனுப்பியிருந்தார்,
வெண்ணெய் டப்பாவில், பெயரும் தேதியும் எழுதி.
பனி செல்களுக்குள் முளைத்து
எல்லாச் சுவரையும் கிழித்திருந்தது.
நுண்ணோக்கியில் நான் பார்த்தது
மழையில் நனைந்த கடிதம்.
தொலைபேசியில் சொன்னேன்:
ஹமூஸ் அவர்களே, அடுத்தது செத்தால்
உறைபெட்டி வேண்டாம், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு போதும்.
அடுத்தது என்ற சொல்
வாயைவிட்டுப் போனபிறகுதான் எனக்கே உறைத்தது.

நான்காவது வியாழக்கிழமை வந்தது,
ஓஸ்ட்ராவாவிலிருந்து பர்னோவுக்கு,
தெரிந்த பேருந்து ஓட்டுநரின் சாப்பாட்டுப் பைக்குள்.

சிறுத்தைப் பல்லி.
சுவரேறத் தெரியாத பல்லி; விரலில் பிடிப்பு இல்லை.
ஆனால் இமை உண்டு.
மற்ற பல்லிகள் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே சாகும்.
இது கண்ணை மூடியிருந்தது.

எடை பத்தொன்பது கிராம்.
ஐம்பதாவது இருந்திருக்கவேண்டும்.
வாலில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இனம் இது,
கெட்ட காலத்துக்கென்று கட்டிவைத்த பணமுடிப்பு மாதிரி.
முடிப்பு காலி.
வால் என்று மிஞ்சியது ஒரு தீக்குச்சி.

மணல்தான் என்று நினைத்தேன்.
மணலைத் தின்று குடலடைத்தவை ஆறேழு
இதே மேசையில் கிடந்திருக்கின்றன.
குடலை நீளவாக்கில் திறந்தேன். மணல் இல்லை.
சுண்ணாம்புச்சத்துக் குறைவா?
தாடையை அழுத்தினேன். ரப்பராய் வளையவில்லை,
நல்ல எலும்பு. பொடி தூவ மறக்காத மனிதர்.

சாயமேற்றிய தகட்டில்தான் தெரிந்தது:
தடித்த குடற்சுவரின் ஓரம் நெடுக
இளஞ்சிவப்புப் புள்ளிகள்,
யாரோ பொறுமையாய்த் தைத்த பித்தான்கள்.
கிரிப்டோ.
பெயர் கிடைத்தால் பாதிதான் கிடைத்தது.
தனித்தனிப் பெட்டி, தனித்தனித் தண்ணீர்.
பிறகு எந்த வழியாக?

சனிக்கிழமை ரயிலேறினேன்.
லுபோர் ஹமூஸ் டிராம் ஓட்டுகிறவர்.
ஏழாம் மாடி. படுக்கையறையில் நாற்பத்திரண்டு பெட்டிகள்,
அடியில் சூட்டுக்கம்பி முனகிக்கொண்டு.
அவருடைய கட்டில் சமையலறையில்.

இரை போடுவதைக் காட்டச் சொன்னேன்.
இடுக்கியைப் பெட்டிக்குப் பெட்டி சாராயத்தில் துடைத்தார்.
அதைப் பெருமையாகக்கூடக் காட்டினார்.
அப்புறம், ஒரு பெட்டியில் தின்னாமல் மீந்த சிள்வண்டுகளைப் பொறுக்கி
அடுத்த பெட்டியில் விட்டார்.
அதில் மீந்ததை அதற்கடுத்ததில்.
"காசு கொடுத்து வாங்குவது, வீணாக்குவானேன்?"

எச்சத்தை மிதித்த ஆறு கால்கள்
பெட்டியிலிருந்து பெட்டிக்கு
இரவுதோறும் நடந்துபோயிருக்கின்றன.

"எதிலிருந்து தொடங்குவீர்கள்?"
"ஹெர்மீனாவிடமிருந்து. மூத்தவள் அவள்தானே."
பத்து வயது. கட்டைவிரல் தடிமனில் வால்.
ஒருநாளும் நோய் கண்டதில்லை.
என் உள்ளங்கையை நக்கிப் பார்த்தாள்.
அவளுடைய எச்சத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டேன்.
அவர் தேநீர் போட்டார். குடித்தேன்.
அப்போது எதையும் சொல்லவில்லை.

பல்லி முன்கூட்டிச் சொல்லாது.
நான் பின்னால்தான் சொல்கிறேன், அதுதான் என் பிழைப்பு.
செவ்வாய்க்கிழமை, ஹெர்மீனாவின் தகட்டிலும்
அதே பித்தான்கள்.
அவளைக் கொல்லாமல் அவளுக்குள் குடியிருந்தவை.

அறிக்கையில் 'இறப்பின் காரணம்' ஒரே வரி.
ஒட்டுண்ணியின் பெயர் அதில் அடங்கியது.
சிக்கனம் என்று எழுத இடமில்லை,
எழுதியிருக்கவும் மாட்டேன்.

தொலைபேசியில் எல்லாம் சொன்னேன்:
சிள்வண்டு, வரிசை, ஹெர்மீனா.
பெட்டிகளைக் கொளுத்திவிடலாம், கழுவினால் போகாது.
அந்தப் பக்கம் டிராம் மணி இரண்டுமுறை அடித்தது.
யாரோ கதவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார்.

"நேற்று இரண்டு முட்டை போட்டிருக்கிறாள்," என்றார்.
ஆணா பெண்ணா என்பதை
அடைகாக்கும் சூடுதான் முடிவுசெய்யும்;
அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.
"எத்தனை டிகிரியில் வைக்கட்டும்?"